தவக்காலம் தனி ஆள் சேலஞ்ச் இல்லை

வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நம்ம வகுப்பு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஒரு மாற்றம் தெரியும், கவனித்திருப்பீர்கள். "40 நாள் இன்ஸ்டாவுக்கு லீவு." "நோ சிக்கன், நோ கூல்டிரிங்ஸ்." "தவக்கால சேலஞ்ச், நாள் 1." மெஸ்ஸில் சிக்கன் போடுகிற அன்றைக்குப் பார்த்து சாம்பார் பக்கம் நகர்ந்துவிடுகிற நண்பர் ஒருவராவது உங்கள் மேஜையில் இருப்பார். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நானும் அந்த சாம்பார் கோஷ்டிதான். மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல்வாசி, கத்தோலிக்கக் குடும்பம். ஸ்டேட்டஸ் போடுகிறவர்களைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. 40 நாள் போனைக் கீழே வைப்பது நம்ம செட்டுக்குச் சின்ன விஷயமா என்ன? ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். தவக்காலத்தை நாம் கொஞ்சம் கொஞ்சமாக ஜிம் மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறோம். தனக்குத் தானே ஒரு இலக்கு வைத்து, தானே நாள் எண்ணி, கடைசியில் தனக்குத் தானே கைதட்டிக்கொள்கிறோம். என் கருத்தில் இந்த 40 நாளின் உயிர் சேர்ந்து செபிப்பதில் இருக்கிறது. தனியாக எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும், பக்கத்தில் யாரும் இல்லாத தவக்காலம் பாதி தவக்காலம்தான்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தொடர்ந்து படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு.

முதலில் கணக்கு

சாம்பல் புதன் அன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். "40 நாள்னு சொன்னீங்களே?" என்று கேட்பீர்கள். நடுவில் வருகிற 6 ஞாயிறுகளைக் கழிக்கணும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு நோன்பு கிடையாது. 46 கழித்தல் 6, கணக்கு சரி. கேரளத்து சிரியன் நண்பர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், அவர்களுக்கு அது திங்கட்கிழமையே தொடங்கிவிடும், பெயரே 50 நோன்பு. சி.எஸ்.ஐ. நண்பர்கள் லெந்து காலம் என்பார்கள். நாங்கள் செபம் என்று எழுதினால் அவர்கள் ஜெபம் என்று எழுதுவார்கள். சண்டை அந்த எழுத்தோடு சரி.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு வார்த்தை வைத்திருப்பார்கள்: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத சாப்பாடு. திருச்சபைச் சட்டப்படி சாம்பல் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது முடிந்தவர்களுக்குத்தான் அது கடமை. அதாவது சரியாகக் கல்லூரி வாசலில் கால் வைக்கும்போது இது நம் தலையில் வந்து ஏறுகிறது. அதே நேரத்தில்தான் அம்மா சமையலையும், பங்குக் கோயிலையும், கூடவே செபம் சொன்ன தெருக்காரர்களையும் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு வருகிறோம். ஒருசந்தி கூடவே வந்துவிடும், கூட்டம் வராது. தவக்காலம் ஒரு தனி ஆள் வேலையாகச் சுருங்குவது இங்கேதான்.

இது எப்படித் தொடங்கியது?

ஆரம்ப காலத் திருச்சபையில் புதிதாகக் கிறிஸ்தவர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஈஸ்டர் இரவில்தான் திருமுழுக்கு. அதற்கு முந்தைய வாரங்களில் அவர்கள் நோன்பிருந்து, மறையுரை கேட்டு, தயாராவார்கள். அவர்கள் மட்டும் பசியோடு இருக்க, ஏற்கெனவே திருமுழுக்கு பெற்றவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. சபையே கூட நோன்பிருந்தது. புதுசா வர்றவன் தனியா இருக்கக்கூடாது என்ற அக்கறை அது.

இன்னொரு கூட்டமும் இருந்தது. பெரிய பாவம் செய்து சபையை விட்டு விலக்கப்பட்டவர்கள் சாம்பல் பூசிக்கொண்டு, ஊர் பார்க்க மனம் வருந்தி, பெரிய வியாழன் அன்று திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். முதலில் சாம்பல் அவர்களுக்கு மட்டும்தான். 11-ம் நூற்றாண்டு வாக்கில் எல்லாரும் சாம்பல் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவியது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். தவறு செய்தவனை அடையாளம் காட்ட வைத்த சாம்பலை ஊரே நெற்றியில் வாங்கிக்கொண்டால், அவனை மட்டும் தனியாக எப்படிச் சுட்டிக்காட்டுவது?

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு வாங்கிய ஓலையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்போம். சாம்பல் புதனுக்கு முன்னால் அதைத் திருப்பிக் கோயிலில் கொடுத்துவிடுவோம். எல்லா வீட்டு ஓலையையும் சேர்த்து எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும். அதில் எது வங்கி மேனேஜர் வீட்டு ஓலை, எது மீன் விற்கிற அக்கா வீட்டு ஓலை என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஆக, புதிதாக வருகிறவர்களுக்கும் விழுந்து எழுகிறவர்களுக்கும் துணையாக ஊரே சேர்ந்து இருந்த நாட்கள் இவை. அதைப் போய் "என்னோட 40 நாள்" என்று சொல்வது, ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரைத் தனியாளாக வடம் பிடித்து இழுக்கப் பார்ப்பது மாதிரி. வியர்வை வரும், தேர் நகராது.

"கதவை மூடிக்கொண்டு செபி என்றுதானே இருக்கு?"

விவரமான நண்பர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். மத்தேயு நற்செய்தி 6-ம் அதிகாரத்தில் இயேசு, ஊர் பார்க்கச் செபிக்காதே, அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு செபி, நோன்பிருப்பதை முகத்தில் காட்டாதே என்கிறார். நியாயமான கேள்விதான். அதுவும் இந்தப் பகுதி சாம்பல் புதன் அன்றுதான் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. நோன்பை மறைத்து வை என்று வாசித்துவிட்டு, எல்லாரும் வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்குகிறோம். முரண்பாடு மாதிரி இருக்கும்.

ஆனால் அதே அதிகாரத்தை இன்னும் நாலைந்து வரி கீழே படியுங்கள். இயேசு ஒரு செபம் கற்றுக்கொடுக்கிறார். அதில் 'என்' என்ற சொல்லே கிடையாது, முழுக்க 'எங்கள்'தான். அப்பம் கேட்பதும், மன்னிப்பு கேட்பதும், தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்வதும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். கதவை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவனின் வாயிலும் பன்மைதான் வருகிறது. அவர் கண்டித்தது பெருமையை, கூட்டத்தை இல்லை. பார்க்க ஆள் வேண்டும் என்று நிற்பது ஒரு ரகம். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று நிற்பது வேறு ரகம். ஸ்டேட்டஸ் முதல் ரகத்துக்கு உதவும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் முட்டி போடுவது இரண்டாவது.

சொல்லப்போனால் இது நம் ஊரில் யாருக்கும் புதுசு இல்லை. கார்த்திகை 1 அன்று மாலை போடுகிற நண்பரைப் பாருங்கள். 41 நாளோ 48 நாளோ விரதம் இருக்கிறார். ஆனால் அவருக்குக் குருசாமி இருக்கிறார், பஜனைக்குக் கூட்டம் இருக்கிறது, மாலை போட்ட எல்லாரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரம் ஹாஸ்டல் பக்கம் வந்தீர்கள் என்றால் தெரியும், ஒரே தட்டைச் சுற்றி எத்தனை கை என்று. 2025-ல் ரமலானும் சாம்பல் புதனும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் தளத்தில் அந்த மாதம் பாதிப் பேர் ஏதாவது ஒரு நோன்பில் இருந்தோம். பசியைத் தாங்குவதற்குப் பக்கத்தில் இன்னொரு பசித்தவன் வேண்டும் என்பது மூன்று பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மெதுவாக நடந்த கூட்டம்

4-ம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற ஒரு பெண் எருசலேம் வரை யாத்திரை போனார். அங்கே தவக்காலமும் புனித வாரமும் எப்படி நடந்தன என்று ஊரில் இருந்த சகோதரிகளுக்கு எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளில் ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆயர் கிரேக்க மொழியில்தான் பேசுவாராம். கூட்டத்தில் சிரியாக் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஒருவர் நின்று மொழிபெயர்ப்பார். லத்தீன்காரர்களுக்கும் விளக்கிச் சொல்ல ஆள் உண்டு. 1,600 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஏற்பாடு. தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று கலந்து கிடக்கும் நம் ஹாஸ்டல்களில் செபக் குழு தொடங்கினால் முதல் வாரமே "எந்த மொழியில?" என்று முட்டிக்கொள்கிறோமே, அவர்கள் எப்போதோ அதைத் தீர்த்துவிட்டார்கள்.

அதைவிட ஒரு விஷயம் எனக்கு மறக்காது. பெரிய வியாழன் இரவு முழுக்க ஒலிவ மலையில் செபித்துவிட்டு, விடியும் முன் கூட்டமே கெத்சமனி வழியாக நகருக்குள் இறங்கி வருகிறது. சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லாரும் நடக்கிறார்கள். கண் விழித்த களைப்பு, நாள் கணக்கில் நோன்பிருந்த களைப்பு, செங்குத்தான மலை. அதனால் மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்தார்கள் என்று எழுதுகிறார் எகேரியா. தெம்பு இருந்தவர்கள் முன்னால் ஓடிப்போய் முடித்திருக்கலாம். கூட்டம் களைத்தவர்களின் வேகத்தில்தான் போயிருக்கிறது.

சேர்ந்து செபிப்பது என்றால் எனக்கு அர்த்தம் இதுதான். கூட்டத்தில் யார் ரொம்பக் களைத்திருக்கிறாரோ, அவர் வேகத்தில் எல்லாரும் நடப்பது.

எங்கள் ஊர்ப் பங்கில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். தெரியாதவர்களுக்கு: இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டது வரை 14 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் முட்டி போட்டு, ஒரு சிந்தனை கேட்டு, செபம் சொல்லி எழுந்து, பாடிக்கொண்டே அடுத்த நிலை. வாரத்துக்கு ஒரு அன்பியம் முறை வைத்து நடத்தும். மூட்டுவலி இருந்தாலும் 14 தடவையும் முட்டி போடுகிற ஒரு பாட்டி எங்கள் பங்கில் உண்டு. பெஞ்சைப் பிடித்து அவர் எழுந்து நிற்கும் வரை பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்காது. யாரும் சொல்லி வைத்த விதி இல்லை. அதனால் எங்கள் சிலுவைப்பாதை எப்போதும் பத்து நிமிஷம் அதிகமாகவே இழுக்கும். சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். இப்போது நினைத்தால், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அதிகம் செபம் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

நீங்கள் தமிழ்நாட்டில் எங்கே படித்தாலும் அக்கம்பக்கத்தில் ஒரு சிலுவைப்பாதை இருக்கும். சென்னையில் என்றால் பரங்கிமலைப் படிக்கட்டிலேயே 14 நிலைகளும் உண்டு. படியேறிக்கொண்டே செபிக்கலாம். அங்கேயும் பாருங்கள், மூச்சு வாங்குகிறவர்களுக்காகக் கூட்டம் நிற்கும்.

செபம் வராத நாள்

தவக்காலம் எப்போதும் நமக்கு ஈவன் செமஸ்டரில்தான் வரும். இன்டர்னல், சிம்போசியம், பிராஜெக்ட் ரிவ்யூ, பிளேஸ்மென்ட் எல்லாம் கழுத்தைப் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் ஒருவனுக்குச் செபம் வராமல் போவது ரொம்ப சாதாரணம். கண்ணை மூடினால் அரியர் பேப்பர்தான் தெரியும். கடவுள் கேட்கிறாரா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

எங்கள் விடுதியில் நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை சேர்ந்து கோயிலுக்குப் போவோம். மூன்று அரியர் வைத்த ஒரு நண்பன் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் எங்களில் ஒருவன் அவன் அறைக்கே போனான். "எனக்குச் செபம் வரலடா, வந்து சும்மா வாயசைக்க எனக்கே அசிங்கமா இருக்கு" என்றான் அவன். போனவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நீ ஒண்ணும் செபிக்க வேணாம். வந்து உக்காரு. உனக்கும் சேர்த்து நாங்க சொல்றோம்" என்றான். அவ்வளவுதான். அவன் வந்தான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை, முட்டியும் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரமும் வந்தான்.

கரண்ட் போனதும் யு.பி.எஸ். எடுத்துக்கொள்வது மாதிரி என்று இதைச் சொல்லலாம், நம் துறைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் யு.பி.எஸ்-ஸில் ஒரு பேட்டரிதான். இங்கே கூட்டமே ஒருவருக்கொருவர் பேட்டரி. இந்த வாரம் உங்களுக்கு ஓடவில்லை என்றால் நான் சொல்கிறேன், அடுத்த வாரம் எனக்கு ஓடாது, நீங்கள் சொல்வீர்கள். தனியாகத் தவக்காலம் இருக்கிறவனுக்குச் செபம் வராத நாளில் தவக்காலம் அங்கேயே முடிந்துவிடும். ஸ்ட்ரீக் போச்சு, அவ்வளவுதான்.

"மனப்பாடமா சொல்ற செபத்துல என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. துக்க வீட்டுக்குப் போனால் யாராவது புதுசாக யோசித்துப் பேசுகிறார்களா? கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் சொல்கிற அதே நாலு வார்த்தையைத்தான் சொல்கிறோம். சொந்தமாக வார்த்தை வராத இடத்தில், ஊர் சேர்த்து வைத்திருக்கிற வார்த்தைதான் கைகொடுக்கும். மனப்பாடச் செபமும் அதுதான்.

சிலுவைப்பாதையின் 5-ம் நிலை ஞாபகம் இருக்கா? சீரேன் ஊர் சீமோன் சிலுவையைத் தூக்க உதவுகிறார். அவர் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். ரூம்மேட் இழுத்துக்கொண்டு வந்ததால் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் அவர்தான் முன்னோடி! அதைவிடப் பெரிய விஷயம், இயேசுவே கடைசி வரை தனியாகத் தூக்கவில்லை. அவருக்கே ஆள் தேவைப்பட்ட இடத்தில் நமக்கு மட்டும் என்ன தனிப் பெருமை?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். நாம் அப்போது பள்ளிக்கூடத்தில். மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர், மூன்றும் பூட்டிய கோயில்களோடு போயின. திருப்பலியை டி.வி.யிலும் போனிலும் பார்த்தோம். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் வழி. ஆனால் போனில் பார்க்கும்போது யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. பாட்டி எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றால் ஓட்டிவிடலாம். கோயில் திறந்த பிறகும் அந்த வசதிக்குப் பழகிப்போன நமக்கு, சேர்ந்து செபிப்பது கொஞ்சம் தொந்தரவாகத் தெரிகிறது. தொந்தரவுதான். அந்தத் தொந்தரவுக்குத்தான் போகணும் என்கிறேன்.

சேர்ந்து என்றால் யாரோடு?

இதுவரை சொன்னது எல்லாம் இனிப்பாக இருந்திருக்கும். கசப்பையும் சொல்லணும். திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1745-ல் திருமுழுக்கு பெற்ற ஊர் அது. அதே ஊரில் 19-ம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும் இரண்டு நீள மண்டபங்கள். 'மேல்சாதி' என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒன்றில், மற்றவர்கள் இன்னொன்றில். இரண்டு பக்கத்துக்கும் பீடம் தெரியும். ஒரு பக்கத்தார் முகம் மறு பக்கத்தாருக்குத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் என்று அதற்குப் பட்டப்பெயர்கூட உண்டு.

கற்பனை செய்து பாருங்கள். அந்த இரண்டு மண்டபத்திலும் தவக்காலம் நடந்திருக்கும். இரண்டு பக்கமும் அதே சாம்பல், அதே சிலுவைப்பாதை. ஒருசந்தியும் ஒழுங்காக இருந்திருப்பார்கள். 'எங்கள்' என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். 1910-ல் குருக்கள் அந்தத் தடுப்பை எடுத்தபோது, எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்த அந்த வழக்கில் அவர்கள் தோற்றார்கள். சட்டப்படி சுவர் போய்விட்டது.

மனசில் போய்விட்டதா? தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்றைக்கும் சாதிவாரியாகத் தனித்தனி. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆகவே சேர்ந்து செபிப்பது தானாகவே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் சேராமல் இருக்க முடியும் என்று வடக்கன்குளம் காட்டுகிறது. 40 நாள் இறைச்சி சாப்பிடாமல் இருந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால் அது என்ன நோன்பு? சிக்கனை விடுவது சுலபம். சுவரை விடுவதுதான் கஷ்டம்.

நம் கல்லூரியில் அப்படிச் சுவர் இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். செபக் குழு என்று தொடங்கினால் தானாகவே ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஒரே சபைக்காரர்கள், ஒரே துறைக்காரர்கள் என்று ஒட்டிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் சரளமாகச் செபிக்கிறவர் பேசிக்கொண்டே இருப்பார், தமிழ் மீடியத்திலிருந்து வந்த முதலாம் ஆண்டுத் தம்பி ஓரத்தில் உட்கார்ந்து 'ஆமென்' மட்டும் சொல்வான். நன்றாகப் பாடத் தெரிந்தவர்களைச் சுற்றிக் கூட்டம் சேரும். இதெல்லாம் யாரும் செங்கல் வைத்துக் கட்டாத சுவர்கள்.

செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். பக்கத்துப் பங்கில் சிலுவைப்பாதை எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் நண்பர்களுக்கு அவர்கள் சபையில் லெந்து காலக் கூட்டங்கள் இருக்கும். முடிந்தால் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று சேர்ந்தே போங்கள். வெளியே போக அனுமதி கிடைக்காத ஹாஸ்டல் என்றால், மொட்டை மாடியோ ஸ்டடி ஹாலோ போதும், இருபது நிமிஷம் போதும். யாருக்கு எந்த மொழி புரியவில்லையோ அவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லுங்கள்.

அதோடு ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: "போன வாரம் வந்தவங்கள்ல இந்த வாரம் யார் வரல?" வந்தவர்களை எண்ணுவது சுலபம், குரூப் போட்டோவில் தெரிந்துவிடும். வராதவர்கள் எந்தப் போட்டோவிலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் அறைக்கு ஒருவர் போகணும். ஏன் வரவில்லை என்று விசாரணை நடத்த இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்க. செபத்துக்குக் கூப்பிடுவது அதற்கப்புறம். சிக்கன் காசு, கூல்டிரிங்ஸ் காசு என்று மிச்சமாகும் இல்லையா? அதைச் சேர்த்து வைத்தால் யாரோ ஒருவருடைய அரியர் பேப்பருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம். பெயர் வெளியே தெரிய வேண்டாம். மத்தேயு 6-ம் அதிகாரம் சொல்கிற ரகசியம் இந்த இடத்துக்கு ரொம்பப் பொருந்தும்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு நான் சொன்ன வேண்டுகோள் இது. உங்களுக்கு இந்த நம்பிக்கை இருக்கணும் என்று அவசியமே இல்லை. ஒருசந்தி இருக்கிற நண்பன் லேபில் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் காரணம் புரிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு பிராஜெக்ட் மீட்டிங் வைக்க வேண்டியிருந்தால் ஏழரைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ரமலானிலும் மாலை போடும் மாதத்திலும் அதையே உங்களுக்குச் செய்ய நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். புனித வெள்ளி அன்று பல கோயில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். வாங்க, சேர்ந்து குடிக்கலாம்.

நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிற கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் தெளிவான பிறகு வர்றேன்" என்று தள்ளிப் போடாதீர்கள். இந்தக் காலமே தெளிவில்லாதவர்களுக்காகவும் விழுந்தவர்களுக்காகவும் தொடங்கியது. முழு நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றால் எந்தக் கோயிலிலும் பெஞ்சு நிறையாது. வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. 'எங்கள்' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது நீங்களும் அதற்குள் இருக்கிறீர்கள்.

விட்டுக்கொடுக்கிறதை விட்டுக்கொடுங்கள், நல்லதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அறையை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து அறைக் கதவையும் ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே இருக்கிறவன் சட்டை மாற்ற நேரம் எடுத்தால், நின்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் நிலை தவறிப்போனாலும் பரவாயில்லை, இன்னும் 13 இருக்கு.